ரயில் பாதையை மூடினால் சாலைக்கு என்ன ஆகும்? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை, ராமேஸ்வரத்துக்கு வர வேண்டிய ரயில்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலுமே முடிந்துபோயின. மிச்ச தூரம் எல்லாருக்கும் சாலைதான். அந்த நாட்களில் மண்டபம், உச்சிப்புளி பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இரண்டு பேச்சுகள் காதில் விழும். "ரயில் நின்னதுல இருந்து காரும் வேனுமா வந்து ரோடே வீணாப் போச்சு" என்பது ஒன்று. "நட்டத்துல ஓடுற ரயில நிறுத்திட்டு நாலு பஸ் விட்டா அரசாங்கத்துக்கு மிச்சம்தானே" என்பது இன்னொன்று.

முதல் பேச்சு தப்பான வண்டியைக் குற்றம் சொல்கிறது. இரண்டாவது பேச்சு ஒரு கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்க்கிறது. ரயில் பாதை மூடப்பட்டால் சாலைச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் எந்தச் சாலையில், எந்த வண்டியால், யார் பணத்தில் கூடும் என்று தெரியாவிட்டால், ரயில் வேண்டும் என்று கேட்கிற மனுவும் சரியாக இருக்காது, வேண்டாம் என்கிற முடிவும் சரியாக இருக்காது.

சாலையை உடைப்பது எது?

சாலை என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கிற கறுப்புத் தார் மட்டும்தான். அதற்குக் கீழே ஜல்லிப் படுகை, அதற்குக் கீழே கிராவல், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஊர் மண். வண்டியின் எடையைக் கடைசியில் தாங்குவது மண்தான். மேலே உள்ள அடுக்குகளின் வேலை, அந்த எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி மண்ணிடம் மெதுவாக ஒப்படைப்பது. ஒவ்வொரு சக்கரம் போகும்போதும் தார் அடுக்கு மயிரிழை அளவு வளைந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்த பிறகு அதன் அடிப்பக்கத்தில் விரிசல் விடுகிறது. அதே நேரத்தில் அடிமண்ணும் அமுங்கி, சக்கரம் ஓடும் தடத்தில் பள்ளம் விழுகிறது.

எவ்வளவு வளைகிறது என்பது வண்டியின் மொத்த எடையைவிட, ஒரு அச்சின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. அச்சு என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் தண்டு. லாரிக்காரர்கள் ஆக்ஸில் என்பார்கள். அதன் மேல் வரும் எடைக்கு அச்சுச்சுமை என்று பெயர்.

வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்திகளுக்கு நடுவே இருக்கும் வரப்பைப் பாருங்கள். வெறுங்கையோடு நாள் முழுக்க ஆட்கள் நடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஈர உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் போய்வந்தால், கால் பதிந்த இடம் அமுங்கி வரப்பின் ஓரம் சரியத் தொடங்கும். சுமை கூடுவதைவிடச் சேதம் பல மடங்கு வேகமாகக் கூடுகிறது.

இந்த வேகத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், சோதனைக்கென்றே சாலைகள் போட்டு, 1958 முதல் 1960 வரை வெவ்வேறு எடையுள்ள லாரிகளை அவற்றின் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பத்து லட்சம் தடவைக்கு மேல் அச்சுகள் ஓடிய பிறகு கிடைத்த விதிதான் இன்றுவரை உலகம் முழுக்கச் சாலைப் பொறியாளர்கள் கையில் இருக்கிறது. சேதம், அச்சுச்சுமையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பதே அந்த விதி. அச்சுச்சுமை இரண்டு மடங்கானால் சேதம் 2×2×2×2, அதாவது 16 மடங்கு. மூன்று மடங்கானால் 81 மடங்கு. இது தோராயமான விதி, சாலையின் தரத்தைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனால் அது காட்டும் திசை மாறாது.

இந்தியப் பொறியாளர்கள் கணக்குப் போட வசதியாக ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 8.16 டன் சுமை ஏறிய ஓர் அச்சு ஒரு தடவை போனால் அது ஒரு தர அச்சு. எந்த வண்டியானாலும் அது சாலைக்குச் செய்யும் சேதம் இத்தனை தர அச்சுக்குச் சமம் என்று சொல்லிவிடலாம்.

இப்போது காரை நிறுத்துப் பார்ப்போம். சின்னக் காரின் ஓர் அச்சில் சுமார் 600 கிலோ வரும். நான்காம் அடுக்கில் கணக்குப் போட்டால் 30,000 கார் அச்சுகளுக்கு மேல் ஓடினால்தான் ஒரே ஒரு தர அச்சின் சேதம் வரும். சட்டப்படி ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்று இருந்த வரம்பை 2018-இல் மத்திய அரசு 11.5 டன் ஆக்கியது. ஏறியது வெறும் 13 சதவீதம்தானே என்று தோன்றும். சாலைக்கு அது 60 சதவீதம் கூடுதல் சேதம். வரம்புக்கு மேல் 20 சதவீதம் ஓவர்லோடு ஏற்றினால் சேதம் இரட்டிப்பாகிவிடும். எடைமேடையில் லாரியை நிறுத்திச் சோதிப்பதை வெறும் அபராத விஷயமாகப் பார்க்கக் கூடாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே காப்பாற்றப்படுவது ஊர்ச் சாலை.

இதுவரை: சாலையைத் தேய்ப்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட அச்சுச்சுமை. காரும் பைக்கும் ஏற்படுத்தும் தேய்மானம் மிகக் குறைவு. பஸ்ஸும் லோடு லாரியும்தான் கணக்கில் வருகின்றன.

ரயில் மட்டும் எப்படித் தாங்குகிறது?

சரக்கு ரயில் பெட்டியின் ஓர் அச்சில் 20 டன்னுக்கு மேல் வருகிறது. லாரி அச்சைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அந்த எடை நேராக மண்ணில் இறங்குவதில்லை. முதலில் எஃகுத் தண்டவாளம் அதை நீளவாக்கில் பல ஸ்லீப்பர்களுக்கு, அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போட்டிருக்கும் கட்டைகளுக்கு, பகிர்கிறது. கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் என்ற கணக்கில் போடுவதால், சுமார் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்கும். ஸ்லீப்பர் அதை அகலவாக்கில் பரப்பி ஜல்லிக்குக் கொடுக்கிறது. வரப்பின் மேல் நீளப் பலகை போட்டு அதன் மேல் நடப்பது போலத்தான் இது.

ரயில் பாதையும் தேயத்தான் செய்கிறது. ஜல்லி அமுங்கும், தண்டவாளம் தாழும். ஆனால் ஜல்லி ஒட்டிப் பிடிக்காத பொருள் என்பதால், இயந்திரம் வைத்து மறுபடி குத்தி மட்டம் செய்துவிடலாம். தார்ச்சாலையில் அடிமண் அமுங்கிவிட்டால் மேலிருந்து அப்படிச் சரிசெய்ய வழியில்லை. மேலே எத்தனை பேட்ச் ஒர்க் போட்டாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் பள்ளம் விழும். தோண்டி அடியிலிருந்து போட வேண்டியதுதான்.

அதற்காக ரயில் செலவில்லாத சமாச்சாரம் என்று சொல்ல வரவில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை உப்புக் காற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றியது சாதாரண வேலையே இல்லை. அதற்குப் பதிலாக வந்த புதிய பாலத்துக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரயில் பாதைக்கு நிலையான செலவு ஒன்று உண்டு. அதனால்தான் போக்குவரத்து குறைவான பாதைகளை மூடலாமா என்ற கேள்வியே எழுகிறது.

மூடினால் அந்த எடை எங்கே போகும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கிளைப் பாதையில் வாரத்துக்கு ஒரு சரக்கு ரயில் ஓடுகிறது, ஒரு தடவைக்கு 2,500 டன் ஏற்றுகிறது. நடுத்தர அளவு ரயில்தான். பாதை மூடப்படுகிறது. அந்தச் சரக்கு பத்துச் சக்கர லாரிக்கு மாறுகிறது. ஒரு லாரியில் சட்டப்படி சுமார் 18 டன் ஏற்றலாம். ஆகவே வாரத்துக்கு 139 லாரி. முழு லோடில் போகும் அப்படியொரு லாரி ஏறக்குறைய 5 தர அச்சுக்குச் சமமான சேதம் செய்யும். காலியாகத் திரும்பும்போது செய்வது சொற்பம். ஆக, வாரத்துக்கு சுமார் 700 தர அச்சு. வருடத்துக்கு 36,000 சொச்சம்.

இந்த எண் பெரிதா, சின்னதா? அது எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது. இந்த விஷயத்தில் எல்லாரும் கோட்டைவிடும் இடமும் இதுதான்.

மதுரை–ராமேஸ்வரம் தேசிய நெடுஞ்சாலை மாதிரியான பெரிய சாலைகளை 20 ஆண்டுக்குக் கோடிக்கணக்கான தர அச்சு தாங்கும்படி வடிவமைப்பார்கள். அங்கே வருடத்துக்கு 36,000 கூடினால் தெரியவே தெரியாது. கிராமத்துச் சாலையின் கதை வேறு. பத்து ஆண்டுக்கு மொத்தமாக ஓரிரு லட்சம் தர அச்சு வந்தால் அதிகம் என்று கணக்குப் போட்டு, மெல்லிய ஜல்லிப் படுகையும் அதற்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தாரும் போட்டிருப்பார்கள். ஒரு லட்சம் தர அச்சுக்கான சாலையில் இந்த லாரிகள் ஓடினால், பத்து ஆண்டு வர வேண்டிய சாலை மூன்று ஆண்டுக்குள் ஆயுளை முடித்துவிடும். வேறு ஒரு வண்டிகூட அதில் ஓட வேண்டியதில்லை.

ரயில் இருக்கும்போதும் உற்பத்தி இடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு லாரி ஓடத்தானே செய்யும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. மாறுவது தூரம். பக்கத்து ஸ்டேஷனின் கூட்ஸ் ஷெட் மூடிவிட்டால், ஐந்து கிலோமீட்டர் ஓடிய லாரி முப்பதோ ஐம்பதோ கிலோமீட்டர் ஓட வேண்டும். அதில் பெரிய சாலையில் ஓடும் தூரம் பெரிதாகப் பாதிக்காது, சின்னச் சாலையில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பாதிக்கும். அமெரிக்காவில் 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் லாபமில்லாத கிளைப் பாதைகளை ரயில் நிறுவனங்கள் கைவிடுவதை எளிதாக்கியது. கான்சாஸ் மாநிலத்தில் கோதுமை லாரிக்கு மாறினால் சாலைக்கு என்ன கூடுதல் செலவாகும் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தக் கவலையும் முக்கியமாக உள்ளூர்ச் சாலைகளைப் பற்றியதுதான்.

இதுவரை: ரயில் சுமந்த சரக்கு லாரிக்கு மாறினால் பெரிய நெடுஞ்சாலை தாங்கிக்கொள்ளும், ஊர்ச் சாலைதான் முதலில் போகும்.

பயணிகள் ரயில் நின்றால்?

1,000 பேர் வரும் ரயில் ஒன்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பஸ்ஸில் வந்தால் 20 பஸ் வேண்டும். கூட்டம் நிறைந்த பஸ்ஸின் பின் அச்சில் பத்து டன் அளவுக்கு வரும். முன் அச்சையும் சேர்த்து பஸ்ஸுக்கு மூன்று தர அச்சு என்று வைத்தால், மொத்தம் 60. அதே 1,000 பேரும் காருக்கு நான்கு பேராக 250 காரில் வந்தால், எல்லாக் காரும் சேர்ந்து ஒரு தர அச்சில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது.

அப்படியானால் மண்டபம்–பாம்பன் சாலையில் மக்கள் பட்ட அவஸ்தை பொய்யா? இல்லவே இல்லை. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தது, தங்கச்சிமடம் வரை வரிசை நின்றது எல்லாம் நெரிசல். நெரிசல் என்பது இடப் பற்றாக்குறை, தேய்மானம் என்பது பலப் பற்றாக்குறை. முன்னதற்கு மருந்து அகலமான சாலை, பின்னதற்கு மருந்து கனமான சாலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், நிதி கேட்கும்போது தப்பான வேலைக்குக் கேட்டுவிடுவோம். குண்டும் குழியுமான சாலையை அடிப்படுகையைத் தொடாமல் அகலப்படுத்தி மட்டும் போட்டால், அகலமான குண்டும் குழியும்தான் கிடைக்கும்.

இந்தக் கடற்கரையில் தண்ணீரின் பங்கு

மேலே சொன்ன கணக்கெல்லாம் அடிமண் காய்ந்து உறுதியாக இருந்தால்தான். ஈரம் ஏறிய மண்ணுக்குப் பாதி பலம்கூட இருக்காது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மாவட்டத்தில் பல சாலைகள் கண்மாய்க் கரையை ஒட்டியோ கரை மேலேயோ போகின்றன. கண்மாய் நிறைந்தால் சாலையின் அடி மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும். கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். கடலோர மணல் தண்ணீரைச் சீக்கிரம் வடிய விடும் என்றாலும், உப்பங்கழி ஓரங்களில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும்.

வெயில் காலத்தில் பல மாதம் லாரி ஓடித் தாங்கிய சாலை, மழைக்குப் பின் சில வாரத்தில் உடைந்துவிடுவது இதனால்தான். விரிசல் விழும்போதே தார் ஊற்றி அடைத்தால் செலவு குறைவு. விட்டுவிட்டால் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும், மண் குழையும், பள்ளம் விழும். பள்ளத்தில் லாரி குதிக்கும்போது அதன் அச்சுச்சுமை அந்த நொடியில் இன்னும் கூடும். சேதம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

நேரில் பார்க்க ஆசையென்றால் உப்பு லாரி ஓடும் சாலைகளுக்குப் போங்கள். வாலிநோக்கம், மாரியூர் பக்கம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளமும் தனியார் உப்பளங்களும் இருக்கின்றன. ரயில் பாதை அங்கே எட்டவில்லை. எல்லா உப்பும் லாரியில்தான் சாயல்குடி, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று வெளியேற வேண்டும். இப்படி ஒரே பக்கமாக லோடு போகும் சாலையின் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லோடு வெளியே போகும் பக்கத்தில் சக்கரத் தடம் தாழ்ந்து தண்ணீர் தேங்கியிருக்கும், ஓரம் கடித்தெடுத்தது போல உடைந்திருக்கும், தாரில் பின்னல் பின்னலாக விரிசல் ஓடும். காலி லாரி திரும்பி வரும் பக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரே தார், ஒரே வயது, ஒரே மழை. வித்தியாசம் அச்சுச்சுமை மட்டும்.

பணம் யார் பையிலிருந்து போகிறது?

ரயில் பாதையின் பராமரிப்பு ரயில்வேயின் செலவு. பாதையை மூடினால் அந்தச் செலவு ரயில்வேயின் புத்தகத்திலிருந்து காணாமல் போய், மிச்சம் என்று பதிவாகும். சரக்கு சாலைக்கு வந்ததும் அந்தச் செலவு வேறு புத்தகங்களில் முளைக்கிறது. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசுக்கு, மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு, ஊர்ச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்துக்கும் கிராம ஊராட்சிக்கும். எந்தச் சாலை மிகவும் பலவீனமோ அதைப் பராமரிக்கும் அமைப்பிடம்தான் பணமும் மிகக் குறைவு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளுக்கு ஒப்பந்தக்காரர் ஐந்து ஆண்டு பராமரிப்பு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எதிர்பாராத லோடு வந்து சாலை அதற்கு முன்பே உடைந்தால், தரமில்லாத வேலையா, தகுதிக்கு மேல் வந்த லாரியா என்ற வழக்கு தொடங்கும். வழக்கு முடியும்வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில்தான் சைக்கிள் ஓட்டுவார்கள்.

டீசல் வரியும் சாலை வரியும் லாரிகள் கட்டுகின்றனவே என்று சொல்வார்கள். கட்டுகின்றன. ஆனால் வரி நான்காம் அடுக்கில் ஏறுவதில்லை, சேதம் ஏறுகிறது. தவிர, அந்த வரி எந்தச் சாலை உடைந்ததோ அந்தச் சாலையின் கணக்குக்கு நேராகத் திரும்புவதும் இல்லை.

எல்லாப் பாதைக்கும் ஒரே பதிலா?

இல்லை. ஒரு பாதையில் நாளைக்கு ஒரு பயணிகள் ரயில், பெட்டிக்குப் பத்துப் பேர், சரக்கே கிடையாது என்றால், அதை மூடுவதால் சாலைத் தேய்மானம் கூடுவது அற்பம். அந்த ரயில் வேண்டும் என்பதற்கு மாணவர்கள், நோயாளிகள், கட்டணம் என்று வேறு வலுவான காரணங்கள் இருக்கலாம். அவற்றையே சொல்லலாம், சாலையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

ராமேஸ்வரம் தீவே இதற்கு உதாரணம். 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கும்வரை நிலவழியாகத் தீவுக்குள் போக ரயில் மட்டுமே இருந்தது. அரிசியும் சிமெண்டும் கம்பியும் ரயிலில் வர வேண்டும், இல்லாவிட்டால் படகில் வர வேண்டும். பாலம் வந்த பிறகு ஜல்லி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி மீன் என்று கனமான போக்குவரத்து பெரும்பாலும் சாலைக்குப் போய்விட்டது. ஆகவே 2022-இல் ரயில் நின்றபோது கூடிய கனச் சுமை பஸ்களுடையது. சரக்குச் சுமையைச் சாலை ஏற்கெனவே முப்பது ஆண்டாகச் சுமந்துகொண்டிருந்தது. டீக்கடைப் பேச்சு தேதியைத் தப்பாகப் பிடித்துவிட்டது.

தனுஷ்கோடி இன்னொரு கோடி. 1964 டிசம்பர் புயல் பாதையையும் ஊரையும் சேர்த்து அழித்தது. பாம்பன் பாலத்தைச் சீக்கிரமே சரிசெய்தார்கள், தனுஷ்கோடிப் பாதை திரும்பவில்லை. இறக்க ஆளும் சரக்கும் இல்லாததால் பாதை போனதன் சுமை எந்தச் சாலையிலும் விழவில்லை. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு அங்கே ஓடுவது சுற்றுலா வண்டிகள். அந்தச் சாலையின் எதிரி கடலும் மணலும்தான்.

இதற்கு நேர்மாறாக, நாகப்பட்டினம் கடற்கரையில் உப்பு விளையும் வேதாரண்யம் பக்கம் போன அகஸ்தியம்பள்ளி பாதை பல ஆண்டு மூடிக் கிடந்து, 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறந்தது. மக்களுக்கு ரயில் திரும்பியதில் மகிழ்ச்சிதான். சாலைத் தேய்மானம் என்ற கோணத்தில் பார்த்தால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: உப்பு எவ்வளவு டன் ரயிலில் ஏறுகிறது? தண்டவாளம் இருப்பதால் மட்டும் சாலைக்குச் சுமை குறையாது. கூட்ஸ் ஷெட், ஏற்றுமேடை, அங்கே வரை லாரி போக ஒரு கனமான இணைப்புச் சாலை, சிறு வியாபாரியும் எடுக்கக்கூடிய அளவில் பெட்டிகள் இதெல்லாம் இருந்தால்தான் சரக்கு ரயில் பக்கம் வரும்.

ராமநாதபுரத்திலிருந்து கடலோரமாகத் தூத்துக்குடிக்கு ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை இங்கே நீண்ட நாளாக உண்டு. கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகப் போனால் இத்தனை ஊருக்கு நல்லது என்றுதான் மனுக்களில் எழுதுகிறார்கள். அதோடு இன்னும் நான்கு விவரம் சேர்த்தால் மனுவுக்குக் கனம் கூடும். வருடத்துக்கு எத்தனை டன் உப்பும் கரியும் மிளகாயும் இந்தப் பகுதியிலிருந்து லாரியில் போகிறது, அது எந்தெந்தச் சாலையில் போகிறது, அந்தச் சாலை எத்தனை தர அச்சுக்குப் போடப்பட்டது, கடைசியாக எப்போது யார் பணத்தில் மறுபடி போட்டார்கள். முதல் விவரம் எடைமேடைச் சீட்டுகளில் இருக்கிறது. மற்ற மூன்றையும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்ட அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.